வளைகுடா ரசிகரும் முதல் ஆல்பமும்: அபிப்பிராய சாஸ்திரத்தில் ஓர் ஆராய்ச்சி

இசைக்குழு எதுவாயினும் அதன் முதல் ஆல்பமே தலைசிறந்தது என்றும், அதற்குப் பின் வந்தவை யாவும் படிப்படியான வீழ்ச்சியின் சரித்திரமே என்றும் சாதிக்கின்ற சித்தாந்தம், இண்டி ராக் கேட்பவர்கள் உள்ள தேசங்கள் அனைத்திலும் வழங்கிவருவதே எனினும், துபாயில் கராமாவிலும் சார்ஜாவில் ரோலாவிலும் அபுதாபியில் முசஃபாவிலும் வாடகைக்குக் குடியிருக்கும் தமிழ் ரசிகர்களிடத்தில் அது எய்தியிருக்கும் திண்மையை வேறெங்கும் காண்பதற்கில்லை. பொருளாதார வல்லுநர்கள் எண்ணெய் விலையையும், சமூகவியலார் தொழிலாளர் குடிபெயர்வையும் வளைகுடாவில் வைத்து ஆராய்ந்து தள்ளியிருக்க, இத்துணை முக்கியமான ஓர் அபிப்பிராயத்தின் உற்பத்தி, ஸ்திதி ஆகியவற்றை முறைப்படி எவரும் ஆராயப் புகவில்லை என்பது வித்வத் உலகத்துக்கு ஒரு குறையே ஆதலால், அதனை நிறைவு செய்யும் பொறுப்பை, வேறு உருப்படியான வேலை கைவசம் இல்லாத நாமே ஏற்றுக்கொள்ளலாயினோம்.

பொருளை வரையறுத்துக்கொள்வது முறை. சினிமாவுக்கென்று இயற்றப்படாததும், கிதாரும் டிரம்ஸும் முன்னிற்பதும், கதாநாயகர் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு நடந்து வரும் வேகத்தை உத்தேசித்து எழுதப்படாததுமான சங்கீதமே இங்கு இண்டி எனப்படும். இதனை உபாசிப்பவர் வளைகுடாத் தமிழருள் மிகச் சிறுபான்மையினர். வண்டியில் சாவியைத் திருகியதுமே தமிழ்ப் பண்பலையில் சினிமாப் பாட்டு ஒலிக்கத் தொடங்கிவிடுகிற ஒரு சமூகத்தில், தமது சமயத்தை மறைத்து வாழ்கின்றவர்களைப் போல வாழ்கின்றவர்கள். பெரும்பாலும் இவர் நிர்மாணக் கம்பெனியில் டாக்குமெண்ட் கன்ட்ரோலர், குவான்டிட்டி சர்வேயர், ஆட்டோகேட் வரைவாளர் போன்ற உத்தியோகங்களில் இருக்கக் காண்கிறோம். இதில் கவனிக்கத்தக்க விசித்திரம் ஒன்று உண்டு. வரைபடத்தின் திருத்தப்பட்ட பிரதி வந்து சேர்ந்த அந்தக் கணமே முந்தைய பிரதியின் மீது 'சூப்பர்சீடட்' என்று முத்திரை குத்தி அதனை ஒழித்துக்கட்டுவதே உத்தியோக தர்மமாகக் கொண்டு பகல் முழுவதும் கழிக்கின்ற அதே மனிதர், மாலையில் அறைக்குத் திரும்பிக் காதுக்கருவியை மாட்டியதும், ரெவிஷன் ஸீரோ ஒன்றே மெய், பின்னர் வந்த ரெவிஷன்கள் யாவும் பொய் என்ற நேர்மாறான நியாயத்துக்குக் கிஞ்சித்தும் கூச்சமின்றி மாறிவிடுகிறார்.

முதற்கண் பூர்வபட்சத்தைப் பரிசோதிப்போம். நியூயார்க் நகரத்து ஸ்ட்ரோக்ஸ் குழுவினர் 2001-இல் வெளியிட்ட 'இஸ் திஸ் இட்' என்னும் முதல் ஆல்பத்தை எடுத்துக்கொண்டால் சித்தாந்தம் ஐயமறப் பொருந்துகிறது. அதனினும் சிறந்தது அக்குழுவின் பிந்தைய ஆல்பம் ஏதோ ஒன்று என்று வாதிக்கும் ரசிகர் நமக்கு இதுவரை அகப்படவில்லை. ஆனால் ரேடியோஹெட் குழுவிடம் வந்ததும் தடுமாற்றம் ஏற்படுகிறது. 1993-இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பமான 'பாப்லோ ஹனி'யை, 1997-இல் வந்த 'ஓகே கம்ப்யூட்டர்' இருக்கும் திசையில் வைத்துப் பேசுவதற்கே எந்த ரசிகரும் துணியமாட்டார். இந்த முட்டுப்பாட்டை எவ்வாறு கடப்பது என்று கராமாவாசி ஒருவரை வினவியபோது, 'பாப்லோ ஹனி' முதல் ஆல்பமே அன்று என்றும், நூலுக்குப் பாயிரம் போன்றது என்றும், எண்ணிக்கை அடுத்ததிலிருந்தே தொடங்கும் என்றும் அவர் விடையிறுத்த சாமர்த்தியம், பண்டை உரையாசிரியர்களுக்கும் வாய்த்திராதது.

கோல்ட்பிளே குழுவை இண்டி என்று சொல்வது தகுமா என்பது தனி வழக்கு. எனினும் அக்குழு 2000-ஆம் ஆண்டில் 'பாரஷூட்ஸ்' வெளிவந்த கையோடு காலமாகிவிட்டது என்று நெடுங்காலமாகப் பிரகடனம் செய்துவந்த அன்பர்கள் பலரை, 2025 ஜனவரியில் அபுதாபி ஸாயித் விளையாட்டு நகர மைதானத்தில் அக்குழு நான்கு இரவுகள் பாடியபோது, கையில் ஒளிரும் கங்கணம் பூண்டு, இறந்துபோனதாகத் தாமே அறிவித்தவர்களோடு சேர்ந்து உரத்த குரலில் பாடிய நிலையில் காண நேர்ந்தது. அபிப்பிராயமும் நுழைவுச்சீட்டும் வெவ்வேறு பணப்பையிலிருந்து செலவாகின்றன என்பது இதனால் போதரும்.

நமது பக்கத்துக் குழுக்களுக்கு வருவோம்; இங்கேதான் விஷயம் செழிக்கிறது. வளைகுடாவில் ஓர் அறையில் தமிழர் ஒருவர் தங்கினால் அடுத்த கட்டிலில் மலையாளி ஒருவர் இருப்பார் என்பது ஏறக்குறைய இயற்கை விதி. தமிழ் ரசிகருக்கு இண்டி ராக் என்னும் தீட்சை லண்டனிலிருந்தோ நியூயார்க்கிலிருந்தோ நேரே வந்ததினும் அந்த அடுத்த கட்டிலிலிருந்து வந்ததே அதிகம் என்பதை நாம் விசாரித்தவரையில் எவரும் மறுக்கவில்லை. 2008-இல் வெளிவந்த 'அவியல்' என்னும் ஆல்பம், அதே பெயர் கொண்ட கேரளக் குழுவினுடையது, இவ்வாறே கட்டில் விட்டுக் கட்டில் தாவிப் பரவிற்று. பாட்டில் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் கேட்கின்ற தமிழருக்கு, புரியாத பாதியே மேலும் சிறந்த கவிதையாகத் தோன்றியிருத்தல் கூடும். முதல் ஆல்பச் சித்தாந்திகளுக்கு அவியல் குழுவைப்போல் உகந்த குழு பிறிதில்லை. ஏனெனில் அப்பெயரைச் சொன்னால் நினைவுக்கு வருவது அந்த ஓர் ஆல்பமே ஆதலின், அதனினும் தாழ்ந்த இரண்டாவது ஒன்றைக் காட்டி ரசிகரைத் துன்புறுத்தும் அபசாரத்தை அவர்கள் செய்யவில்லை.

பெங்களூரின் அகம் குழுவினர் அவ்வளவு தாட்சண்யம் காட்டவில்லை. மென்பொருள் கம்பெனிகளில் பணிபுரிந்துகொண்டே கர்நாடக சங்கீதத்தையும் ராக் இசையையும் முடிச்சுப் போடப் புகுந்து, சன் தொலைக்காட்சியின் 'ஊ லலலா' போட்டியில் வென்று பெயர் பெற்ற இவர்கள், 2012-இல் 'தி இன்னர் ஸெல்ஃப் அவேக்கன்ஸ்' என்ற ஆல்பத்தையும் 2017-இல் 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' என்பதையும் வெளியிட்டார்கள். முதலாவதில் கிருதிகள் ராக் உடுப்பு அணிந்து வந்தன என்றும், இரண்டாவதில் உடுப்பே கிருதியாகிவிட்டது என்றும் கராமாக் கட்சியினர் குற்றம் சாட்டுவர். முதலாவதில் சேர்க்கை ஒட்டுப்போட்டாற்போல இருந்தது, இரண்டாவதிலேதான் உருகிக் கலந்தது என்று முசஃபாக் கட்சியினர் மறுப்பர். இரு கட்சியாரும் சங்கீத ஞானம் உடையவர்களே. நமது சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால் இரண்டாவதே மேல் என்போம். முதலாவதில் கிதார் தனது முறை எப்போது வரும் என்று காத்திருப்பது காதில் விழுகிறது. இதனை நாம் இவ்விடத்தில் அடக்கமாகச் சொல்வதற்குக் காரணம், கட்டுரையாசிரியருக்குக் கராமாவிலும் நண்பர்கள் உண்டு என்பதே.

இனி, இச்சித்தாந்தத்துக்குக் கிளைச் சித்தாந்தம் ஒன்றும் உண்டு. அதனை முன்னறிவுப் பாத்தியதை என்று பெயரிட்டு வழங்கலாம். 2018-இல் '96' திரைப்படம் வந்து, அதன் பாடல்களுக்காகக் கோவிந்த் வசந்தாவைத் தமிழ்நாடு முழுவதும் கொண்டாடியபோது, வளைகுடா இண்டி ரசிகர் அடைந்த வேதனை சொல்லுந்தரமன்று. தைக்குடம் பிரிட்ஜ் குழுவின் பிடிலராகவும், 2015-இல் அக்குழு வெளியிட்ட 'நவரசம்' ஆல்பத்தின் கர்த்தாக்களில் ஒருவராகவும் அவரைத் தாம் முன்னமே அறிந்திருந்ததை ஊரார்க்கு நிரூபிக்க வழி தெரியாமல், பழைய காணொளிகளின் கீழே தாம் எழுதிய கருத்துரைகளின் தேதிகளைத் தேடி எடுத்துக் காட்டிய அன்பர் ஒருவரை நாம் அறிவோம். நிலப் பத்திரத்தில் உள்ளது போன்ற அனுபவ பாத்தியதை சங்கீதத்திலும் உண்டு என்று இவர்கள் நம்புகிறார்கள் போலும்.

நிற்க. முதல் ஆல்பமே முதன்மை என்னும் சித்தாந்தத்துக்கு வலுவான ஆட்சேபம் டில்லியிலிருந்து எழுகிறது. இந்தியன் ஓஷன் குழு தனது பெயரையே சூட்டிய முதல் ஆல்பம் வந்தது 1993-இல். மேடையில் நிகழ்த்தியதைப் பதிவு செய்த 'டெஸர்ட் ரெயின்' 1997-இல். கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்களின் பழைய வழிபாட்டுப் பாடலைத் தலைப்பாகக் கொண்ட 'கந்தீஸா' 2000-இல். ரசிகர் எவரைக் கேட்பினும், சிறிதும் யோசியாமல் 'கந்தீஸா' என்கிறார். முதலாவதும் அன்று, இரண்டாவதும் அன்று, மூன்றாவது! பாயிரம் என்ற சமாதானம் இங்கே இரண்டு முறை தேவைப்படுகிறபடியால், அதனை ஏற்பது நியாய சாஸ்திரத்துக்கு ஒவ்வாது. எனவே பழைய சித்தாந்தத்தைக் கைவிட்டு, நாம் கண்ட புதியதை இங்கே ஸ்தாபிக்கிறோம்: ரசிகர் எதனை முதன்மை என்கிறாரோ அது குழுவின் முதல் ஆல்பம் அன்று, அந்த ரசிகரின் கடவுச்சீட்டில் வேலை விசா குத்தப்பட்ட ஆண்டின் ஆல்பம். 'கந்தீஸா'வைப் போற்றுகின்றவர்களில் நமக்குத் தெரிந்தோர் பலரும் 2000-க்கும் 2003-க்கும் இடையே விமானம் ஏறியவர்கள். அபிப்பிராயத்தின் பிறந்த தேதி விசாவின் தேதியே.

இதற்குப் பிரத்யட்ச பிரமாணமாக 2008-ஆம் ஆண்டு ஒன்றே போதும். அவ்வாண்டில் 'அவியல்' வந்தது. கொச்சியின் மதர்ஜேன் குழுவினர், பைஜு தர்மஜனின் கிதாரில் கர்நாடக கமகங்கள் நெளிந்தோட, அரபிப் பெயர் பூண்ட 'மக்தூப்' ஆல்பத்தை வெளியிட்டார்கள். துபாயிலேயே தோன்றி வளர்ந்த நெர்வ்ஸெல் என்னும் டெத் மெட்டல் குழுவின் முதல் முழு ஆல்பமான 'பிரீச்சிங் வெனம்' வெளிவந்ததும் அதே ஆண்டில். அதே 2008 நவம்பரில்தான் துபாய் மால் திறக்கப்பட்டது. உலகளாவிய நிதி நெருக்கடி வந்து பாரந்தூக்கிகள் ஒவ்வொன்றாக அசைவற்று நின்றதும் அந்தக் காலத்தில்தான். அவ்வாண்டில் வந்திறங்கியவர், சம்பளம் வருமா வராதா என்ற கவலையோடு, புரண்டு படுத்தால் பிறர் உறக்கம் கெடும் பெட்ஸ்பேஸ் கட்டிலில் படுத்து, எம்.பி.3 கருவியில் நிரப்பிக்கொண்டு வந்த சொற்ப ஆல்பங்களையே இரவுதோறும் மீளமீளக் கேட்டிருக்கிறார். வேறு பொழுதுபோக்குக்குப் பணமும் இல்லை, இடமும் இல்லை. ஓர் ஆல்பத்தை அத்தனை முறை கேட்க நேர்ந்த ஒருவர் அதனைத் தலைசிறந்தது என்று கூறாமல் வேறென்ன கூறுவார்? 2008-ஆம் ஆண்டு தென்னிந்திய ராக் இசையின் பொற்காலம் என்று அவர் அடித்துச் சொல்கிறார்; நாம் ஆராய்ந்த அளவில் அவ்வாண்டு உண்மையிலேயே நல்ல ஆண்டுதான் என்பது நமது கொள்கைக்குச் சற்றே இடையூறு விளைவிப்பினும், அதனைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொள்கிறோம்.

விசா விதிக்குத் துணை விதியாக ஓட்டுநர் உரிமம் பற்றியும் கூறவேண்டும். துபாயில் ஓட்டுநர் தேர்வில் தேறுவது எத்தகைய தவம் என்பதை அறிந்தவர் அறிவர். தேறும்வரை ரசிகர் காதுக்கருவி யுகத்தில் வாழ்கிறார். மெட்ரோவிலும் பேருந்திலும் அறையிலும் அவர் கேட்பவை யாவும் இரண்டு சிறு மொட்டுகளின் வழியாக வந்து, பிடிலும் குரலும் தெளிவாக, பாஸ் கிதார் இருக்கும் இடமே தெரியாமல் ஒலிக்கின்றன. தேறி, பழைய நிஸானோ டொயோட்டாவோ கைக்கு வந்தபின், இருக்கைக்கடியிலிருந்து பாஸ் உறுமுகின்ற கார் யுகம் தொடங்குகிறது. அக்குழு புதிதாக வெளியிட்ட ஆல்பத்தைக் காரில் கேட்டுவிட்டு, 'இதில் ரிதம் செக்ஷன் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது' என்று ரசிகர் எழுதும் நுண்ணிய விமர்சனத்தில், முன்னேறியது ரிதம் செக்ஷனா, ரசிகரது போக்குவரத்து வசதியா என்பதைப் பிரித்தறிய விமர்சன சாஸ்திரத்தில் இன்னும் கருவி கண்டுபிடிக்கப்படவில்லை. மேலும், சார்ஜாவில் குடியிருந்து துபாயில் வேலை செய்பவர் இத்திஹாத் சாலையின் காலை நெரிசலில் ஒரு முழு ஆல்பத்தை முதலிலிருந்து முடிவுவரை வரிசைக்கிரமமாகக் கேட்டு முடிக்கிறார். ஆல்பம் என்னும் வடிவமே அழிந்துவிட்டது என்று உலகெங்கும் புலம்புகின்றவர்கள் ஒருமுறை காலை ஏழரை மணிக்கு அல் நஹ்தாவுக்கு வந்து பார்ப்பாராக.

காலக் கணக்கையும் தொட்டுச் செல்லாவிடில் ஆராய்ச்சி பூர்த்தியாகாது. அமெரிக்காவில் செவ்வாய், பிரிட்டனில் திங்கள் என்று நாட்டுக்கொரு கிழமையில் வந்துகொண்டிருந்த புதிய ஆல்பங்கள், 2015 ஜூலை 10 முதற்கொண்டு உலகெங்கும் வெள்ளிக்கிழமையில் வெளிவரவேண்டும் என்று இசைத்தொழிலார் தீர்மானித்தபோது, தாம் வளைகுடா ரசிகருக்குச் செய்த உபகாரத்தை அவர்கள் உணர்ந்திருக்கமாட்டார்கள். பிற தேசத்தார் அலுவலகத்தில் மேலாளருக்குத் தெரியாமல் திருட்டுத்தனமாகக் கேட்க, வெள்ளியே விடுமுறையாக இருந்த அமீரகத்தில் ரசிகர், பிரியாணி வாசனையின் நடுவே கால்நீட்டிப் படுத்துக் கேட்டுச் சாவகாசமாக நிராகரித்தார். 2022 ஜனவரியில் அமீரகம் வார விடுமுறையைச் சனி ஞாயிறுக்கு மாற்றி வெள்ளியை அரைநாள் வேலையாக்கிற்று. சார்ஜா அரசு மட்டும் வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் விடுமுறை அளித்தது. அதுமுதல் துபாய்ப் பக்கத்து அபிப்பிராயங்களில் ஒருவித அவசரமும் கடுப்பும் சேர்ந்திருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. குவைத்திலும் கத்தாரிலும் வெள்ளி வெள்ளியாகவே இருப்பதால், அங்குள்ள அன்பர்களின் தீர்ப்புகளில் பழைய நிதானம் இன்றும் காணக்கிடைக்கிறது.

இதனோடு பூமியின் சுழற்சியும் கூட்டுச் சேர்ந்து சதி செய்கிறது. சென்னையில் நள்ளிரவு அடிக்கும்போது துபாயில் மணி பத்தரை, தோஹாவில் ஒன்பதரை. ஆகவே ஆல்பம் வளைகுடாவில் வெளியாகும் நேரத்துக்குள் ஊரில் உள்ள நண்பர் அதனைக் கேட்டு, வைது, தலையணையில் சாய்ந்துவிடுகிறார். அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியே பேச இயலாது. எழுத்தும் குரல் பதிவுமே செல்லும். எதிராளி குறுக்கிட முடியாத ஊடகம் ஒன்று கைக்கு வந்தால் மனிதர் எவ்வளவு நேரம் பேசுவார் என்பதற்கு அளவே இல்லை என்பதை, வளைகுடாவில் இருந்து வரும் குரல் பதிவுகளைக் கேட்டிருக்கும் எவரும் சான்று கூறுவர். மாற்றுக் கருத்து மறுநாள் காலையில் மற்றொரு குரல் பதிவாக வந்து சேரும். அதற்குள் முதலாமவரின் கருத்து ஈரம் காய்ந்து கல்லாகியிருக்கும்.

இளைய தலைமுறையினர் விஷயத்தில் நமது விதி சங்கடத்துக்கு உள்ளாகிறது என்பதை மறைப்பதற்கில்லை. ஸ்பாட்டிஃபை சேவை 2018 நவம்பரில் வளைகுடாவுக்கு வந்து, அதன் பின்னரே 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்குச் சென்றது. அந்தச் சில மாதங்கள் துபாய்த் தமிழர் ஊராரைப் பார்த்துக் காட்டிய இறுமாப்பைத் தவிர்த்துவிடுவோம். அறிவும் ஆஃப்ரோவும் சேர்ந்து 2019-இல் தந்த 'தெருக்குரல்' போல முழு ஆல்பமாக வருபவை அருகி, தமிழ்ச் சுயாதீன இசை தனிப்பாடல்களாகவே பெரிதும் வரத்தொடங்கிவிட்டது. 2021-இல் தீயும் அறிவும் பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' ஒரு பாட்டு. 2024-இல் சாய் அபயங்கரின் 'கட்சி சேர' ஒரு பாட்டு. ஆல்பமே இல்லாதபோது முதல் ஆல்பம் எங்கிருந்து வரும்? ஆயினும் ரசிக குலம் சோர்ந்துவிடவில்லை. அதே 2024-இல் சாய் அபயங்கரின் 'ஆச கூட' வெளிவந்ததும், 'முதல் பாட்டில் இருந்த உயிர் இதில் இல்லை' என்று இளைஞர் ஒருவர் பெருமூச்செறிந்ததை நாம் காதாரக் கேட்டோம். முன்னோர் ஐந்தாண்டு காத்திருந்து அடைந்த ஏமாற்றத்தை ஒரே ஆண்டுக்குள் அடைந்துவிடும் இந்தச் சுறுசுறுப்பைப் பாராட்டவேண்டும்.

முதியவர்களிடமோ விதி கல்லின்மேல் எழுத்தாக நிற்கிறது. அவர்கள் காலத்தில் ஆல்பத்தின் அளவைத் தீர்மானித்தது கலைஞர் அன்று, கேசட்டு. பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஓடும் ஸி-90 நாடாவில் பக்கத்துக்கோர் ஆல்பமாக இரண்டு ஆல்பங்களை ஏற்றுவது வழக்கம். ஒரு நாடாவில் எவை இரண்டு ஜோடி சேர்ந்தனவோ அவற்றையே ஆயுள் முழுவதும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பது ரசிக தர்மம். நாடா தீர்ந்து கடைசிப் பாட்டு எந்த இடத்தில் அறுந்ததோ, அதுவே அதன் முறையான முடிவு என்று கருதி, பின்னாளில் முழுப் பாட்டையும் கேட்டபோது, 'தேவையில்லாமல் இழுத்திருக்கிறார்கள்' என்று கண்டித்தவர்களும் உண்டு. அமீரகத்தில் காப்புரிமைச் சட்டம் இயற்றப்பட்டதே 1992-இல்தான் என்பதால், அதற்கு முந்தைய நாடாக்களின் வம்சாவளியைத் துருவுவது நாகரிகம் அன்று. அக்காலத்தில் இண்டி என்ற பெயர் இங்கு வழங்கவில்லை. என்றாலும் சினிமாவைச் சாராத தமிழரின் ஆல்பம் என்ற அளவில், இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு 'ஹௌ டு நேம் இட்'டையும், ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு 1988-இல் வந்த 'நத்திங் பட் விண்ட்'டையும் நேஷனல் பானாஸோனிக் டூ-இன்-ஒன்னில் தேய்த்தவர்களே இந்த மரபின் மூல புருஷர்கள் என்பது நமது துணிபு.

இவ்வாராய்ச்சியின் முதற்பிரதியை முசஃபாக் கட்சியின் தலைவருக்கு அனுப்பி வைத்தோம். அவர் குரல் பதிவில் அனுப்பிய ஆட்சேபம் வருமாறு: அவருக்கு விசா குத்தப்பட்டது 2014-இல், அவருக்குத் தலைசிறந்த ஆல்பமோ 'நத்திங் பட் விண்ட்', ஆகையால் விசா விதி தவிடுபொடி. மேலோட்டமாகப் பார்த்தால் இது பலத்த அடியே. ஆனால் மேற்கொண்டு விசாரித்ததில், அவருடைய தகப்பனார் எண்பதுகளின் இறுதியில் முதன்முதலாக அபுதாபிக்கு வந்தவர் என்றும், விடுமுறையில் ஊருக்கு வந்தபோது டூ-இன்-ஒன்னோடு அந்தக் கேசட்டையும் பெட்டியில் கொண்டுவந்தவர் என்றும் தெரியவருகிறது. விசா தகப்பனுக்குக் குத்தப்பட்டாலும் அபிப்பிராயம் பிள்ளைக்கு வாரிசு முறையில் இறங்கலாம் என்ற திருத்தத்தை விதியில் சேர்த்துக்கொண்டு, அதற்குச் சான்றாகத் தகப்பனாரின் பழைய கடவுச்சீட்டின் விசாப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புமாறு கேட்டிருக்கிறோம். படம் இன்னும் வந்தபாடில்லை. அகம் குழுவின் இரண்டாவது ஆல்பத்தைப் பற்றி இன்னொரு குரல் பதிவுதான் வந்திருக்கிறது.